இறக்கத்துக்கு ஆகாத வண்டி

எங்கள் இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி மூன்று முறை வீட்டுக்கு வந்துவிட்டார். "இன்னிக்கிப் பசங்க லாப்டாப்ப சொருகி வண்டி மேப்ப மாத்தறானுங்கண்ணா. நீங்க அதெல்லாம் இல்லாமயே கையாலயும் காதாலயும் வண்டிய பறக்க வுட்டவரு. எப்டி செஞ்சீங்கன்னு எழுதுங்க" என்றார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் கேட்டார். "நல்லா ஓடிகினு இருந்த தொழில திடீர்னு வுட்டுட்டீங்களே, அது ஏண்ணா?"

தம்பி எதிர்பார்ப்பது பெருமைக் கதை. சொல்லிக்கொள்ளப் பெருமை கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவது கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதினால் முதல் கேள்விக்கான பெருமை எல்லாம் பாழ். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் விருப்பம். நான் எழுதிவிடுகிறேன்.

பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட பிறகு திருத்தணியில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. காலை ரயிலில் சென்னைக்குப் போய் மாலை ரயிலில் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன் ஆனேன். தேவராஜ் அண்ணனின் பட்டறையில் ஆறு வருடம். முதல் வருடம் டீசல் ஊற்றிப் பாகம் கழுவியது, இரண்டாவது வருடம் பஞ்சர், அப்புறம்தான் ஸ்பேனர். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. தேவராஜ் அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் பந்தய வண்டிகளுக்கு இன்ஜின் தயார் செய்தவர். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்பார்: "எங்க ஓட்டுவ?" பதிலைச் சுவரில் எழுதிவிட்டுத்தான் வேலை. பந்தயத் திடலா, கல்லூரிக்குப் போய்வரவா, ஊட்டிக்கா என்று ஒவ்வொரு வண்டிக்கும் மேலே எழுதியிருக்கும். எங்களுக்கு அது வேடிக்கை. "பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி கேக்கறாருடா" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. இன்ஜின் கெட்டுப்போய் வந்தால் வண்டிக்காரன் எதிரில் இல்லாமல் பிரிக்கமாட்டார். ஸ்டூலைப் போட்டு அவனை உட்காரவைப்பார். தரையில் துவைத்த வெள்ளைத் துண்டை விரிப்பார். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் அந்தத் துண்டில் வரிசையாக வைப்பார். கடைசியில் "இது உன் தப்பு" என்பார், அல்லது "இது என் தப்பு" என்பார்.

ஒருமுறை அவர் செட்டிங் செய்த வண்டி பத்தே நாளில் இன்ஜின் பிடித்துப்போய், பிஸ்டன் உள்ளேயே இறுகி வந்தது. துண்டை விரித்தார், பிரித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "பெட்ரோல் போற ஜெட்டு சின்னதா போட்டுட்டேன். என் தப்பு" என்றார். வண்டிக்காரன் எழுந்து பளார் என்று ஓர் அறை விட்டான். கண்ணாடி கழன்று துண்டின் மேல் விழுந்தது. நாங்கள் பாய்ந்தோம். அண்ணன் கையைக் காட்டி எங்களை நிறுத்திவிட்டு, "நாளன்னிக்கி வா, ரெடியா இருக்கும்" என்று அவனிடம் சொன்னார். அவன் போன பிறகு நாங்கள் குதித்தபோது, "கன்னம் ஒரு நாளு வலிக்கும். போய் வேலயப் பாருங்கடா" என்றார். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருத்தணியிலேயே அரக்கோணம் சாலையில் சொந்தக் கடை போட்டேன். அப்போது ஊர்ப் பையன்கள் எல்லாரும் ஒரு நூறு சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி மேல் பைத்தியமாக இருந்தார்கள். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, வயிறு பருத்து வால் சிறுத்த சைலன்சர் ஒன்றை மாட்டுவேன். கம்பெனி சைலன்சர் சத்தத்தை அடக்கும், கூடவே இன்ஜினின் மூச்சையும் அடக்கும். புதியதை மாட்டினால் புகை தடையில்லாமல் வெளியேறும். ஆனால் வெறுமனே மாட்டிவிட்டால் போதாது. காற்று கூடுதலாக உள்ளே வருவதால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். கார்பரேட்டருக்குள் மெயின் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, கடுகுகூட நுழையாத ஓட்டை அதில். அந்த ஓட்டையின் அளவுதான் எல்லாம்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க அரக்கோணம் சாலையில் வண்டியை மூன்றாவது கியரில் முழு முறுக்கில் இழுப்பேன். அந்த வேகத்திலேயே கிளட்ச்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். நுனி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருத்திருந்தால் அதிகம். நடுவில் ஒரு பழுப்பு இருக்கிறது, அது வரும்வரை ஜெட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் ஸ்பார்க் எப்போது விழவேண்டும் என்பதற்கு உள்ளே உள்ள தட்டைத் தலைமயிர் அளவு நகர்த்துவேன். இன்று லாப்டாப்பில் செய்வதும் இந்த இரண்டைத்தான்: எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு. நான் ஒரு வண்டிக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பள்ளிப்பட்டு, அரக்கோணம், ஆந்திரா பக்கம் நகரி, புத்தூரிலிருந்தெல்லாம் பையன்கள் வந்தார்கள். "ஏகாம்பரம் செட்டிங்" என்று பேர். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

இனிப் பம்ப் விஷயம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே போகும். அதைத் தருவதற்கு ஒரு சின்ன ஆயில் பம்ப் உண்டு. ஆக்சிலேட்டரை முழுக்க மூடினாலும் அது சொட்டுச் சொட்டாகத் தந்துகொண்டிருக்கும். ஆனால் பம்ப் என்றைக்காவது கெட்டால் இன்ஜின் போச்சு. அதனால் பந்தய வண்டிகளில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, டேங்கில் உள்ள பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஆக்சிலேட்டரைத் திறந்தால்தான் எண்ணெய். மூடினால் பெட்ரோலும் இல்லை, எண்ணெயும் இல்லை.

தேவராஜ் அண்ணன் இதை எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பினார். "பம்ப கழட்டனா அந்த வண்டி சமதரைக்கும் மேட்டுக்கும்தான். எறக்கத்துக்கு ஆவாது. ஆக்சிலேட்டர மூடிகினு கியர்ல எறங்கினா பிஸ்டன் காஞ்சி புடிச்சிக்கும், பின் சக்கரம் அப்டியே நின்னுடும். எங்க ஓட்டுவான்னு கேட்டுட்டு ஸ்பேனர எடு."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மனதுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். எனக்கு நினைவிருந்தது, அதற்கு நானே ஒரு பதிலும் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் இறக்கம் என்றால் மலைப்பாதை ஒன்றுதான். கோயிலிலிருந்து எவனும் இன்ஜினை ஓடவிட்டு இறங்கமாட்டான். மேலேயே சாவியைத் திருப்பி அணைத்து, நியூட்ரலில் போட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு அடிவாரம்வரை உருண்டே வந்துவிடுவார்கள். பெட்ரோல் மிச்சம். என் அப்பா அப்படித்தான் இறங்கினார், நானும் அப்படித்தான். ஓடாத இன்ஜினுக்கு எண்ணெய் எதற்கு? ஆகவே திருத்தணியில் பம்பைக் கழற்றலாம் என்று முடிவு செய்துகொண்டேன். ஏழெட்டு வண்டிகளுக்குக் கழற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

தணிகைவேலு வந்தது இரண்டாயிரம் பிறந்து சில மாதங்கள் கழித்து. இருபத்தாறு வயது. மலைமேல் ஒரு மடத்தில் பக்தர்களுக்குச் சமைக்கிற குடும்பம். அவன் தாத்தா, அப்பா முனிரத்தினம், அவன் என்று மூன்று தலைமுறையும் அதே அடுப்பு. முனிரத்தினத்தை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், உறவு இல்லை, ஊர் வழக்கம். கறாரான மனிதர். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டால் மகனைப் பந்தியிலேயே வைத்துத் திட்டுவார். தணிகைவேலு குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொள்வான். அவனுக்கு ஆசை என்று இருந்தது அவனிடம் இருந்த அதே நூறு சிசி வண்டி ஒன்றுதான்.

"எங்க நைனாவுக்குப் புடிக்காதுண்ணா. சாமி காதுல போயி இந்தச் சத்தமாங்கறாரு. ஆனா நீங்க போட்டுக் குடுங்க, நான் பேசிக்கறேன்" என்றான்.

எங்கே ஓட்டுவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்? தினமும் மலை ஏறி இறங்குகிறவன், ஊருக்கே தெரியும். அவன் வண்டியிலும் பம்பைக் கழற்றினேன்.

இரண்டு நாள் என் கூடவே இருந்தான். பிளக்கைக் கழற்றி நான் நிறம் பார்த்தபோது எட்டிப் பார்த்து, "தனியா வறுத்த பதம் வரணும், அதானேண்ணா?" என்றான். அத்தனை வருடத்தில் அதை அவ்வளவு சரியாகச் சொன்னவன் அவன்தான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால்தான் அடுத்து ஒரு காரியம் செய்தேன். வண்டி தயாரானதும் அவனைப் பின்னால் உட்காரவைத்து ரயில்வே மேம்பாலத்தில் ஏறினேன். உச்சியிலிருந்து இறங்கும்போது கியரிலேயே விட்டு, ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடினேன். அந்தச் சைலன்சர் அப்போது ஒரு சத்தம் போடும், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று. அந்தச் சத்தத்துக்காகவே சைலன்சர் மாட்டுகிறவர்கள் உண்டு.

"கேட்டியாடா?" என்றேன்.

"ஆங்ண்ணா! இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்றான் குழந்தைபோல.

மேம்பாலம் சின்ன இறக்கம், நாலு விநாடி. மலைப்பாதை அப்படி இல்லை.

எட்டாவது நாள், செவ்வாய்க்கிழமை, காலைச் சமையலை முடித்துவிட்டு மேலிருந்து கிளம்பினான். படியோரம் பூ விற்கிற அம்மாள் பார்த்திருக்கிறாள். சாவியை அணைக்கவில்லை. கியரில் படபடவென்று சத்தம் கேட்க இறங்கியிருக்கிறான். இரண்டாவது வளைவில் சத்தம் நின்றது என்றாள். சத்தம் நின்றதும் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான்.

ஊர் ஒரு மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சவுண்டு சைலன்சர், திமிர், மலைப்பாதையில் ரேஸ். வண்டியைச் சோதிக்க வந்த மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கை அழுத்திப் பார்த்தார், சரியாக இருந்தது. உதைத்துப் பார்த்தார், இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. காய்ந்து பிடித்த பிஸ்டன் ஆறியதும் தானாக விட்டுக்கொடுக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டியவன் தவறு என்று எழுதிவிட்டுப் போனார்.

பூக்காரம்மாள் சொன்னதைக் கேட்டவுடன் எனக்கு விளங்கிவிட்டது. சத்தம் நின்ற பிறகுதான் வண்டி சாய்ந்தது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சோதனை முடிந்து வண்டி பழுதுபார்க்க என் கடைக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சிலிண்டரைக் கழற்றினேன். எதிரில் ஸ்டூல் போட்டு யாரையும் உட்காரவைக்கவில்லை, துண்டும் விரிக்கவில்லை. பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள், உலோகம் உருகி இழுத்த தடம். எண்ணெய்ப் பசையே இல்லை. வேறு பிஸ்டன் போட்டு வண்டியை மூடினேன். பழையதை மேசை டிராயரில் போட்டேன்.

மறுநாள் முனிரத்தினம் வந்தார். சவரம் செய்யாத முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏகாம்பரம், ஊர்ல ஆயிரம் சொல்றாங்க. எனக்கு அது வேணாம். நீ வண்டி தெரிஞ்சவன், நீ சொல்லு. வண்டில இன்னாவாச்சும் கோளாறா? இல்ல இவன் ஓட்டனதுதானா?"

டிராயர் என் முழங்காலுக்கு நேரே இருந்தது. தேவராஜ் அண்ணன் வாங்கிய அறை நினைவுக்கு வந்தது. கூடவே போலீஸ், கடை, என் மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். பயம். இதற்கு வேறு நல்ல பேர் வைத்துப் பார்த்திருக்கிறேன், எதுவும் பொருந்தவில்லை.

"வண்டில ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப அவன்தான்" என்றார். வண்டியை எடுத்துக்கொள்ளவில்லை. படி இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் ஒரு சைலன்சரும் மாட்டவில்லை. பம்ப் கழற்றிய ஏழெட்டு வண்டிகளையும் தேடித் தேடிப் பிடித்து, இலவச சர்வீஸ் என்று பொய் சொல்லிப் பம்பைத் திரும்ப மாட்டினேன். அந்த வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தேன். கேட்டவர்களுக்கு முதுகு வலி என்றேன். பிறகு ஸ்கூட்டர், மொபெட், ஆயில் சர்வீஸ், பிரேக் ஷூ. பிழைப்பு ஓடியது.

முனிரத்தினம் மகனை வெறுத்தார். சாதாரணக் கோபமாக இருந்திருந்தால் ஆறியிருக்கும். நான் சொன்ன ஒரு வார்த்தை அவருக்கு சாட்சியாகிவிட்டது. "சாமி சந்நிதில திமிரு காட்டிச் செத்தவனுக்கு வருச திதி ஒரு கேடா?" என்று நிறுத்திவிட்டார். வீட்டில் அவன் படம் மாட்டவில்லை. அவன் பேரை எடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் மலைக்குப் போவதையே விட்டேன். திருத்தணியில் இருந்துகொண்டு மலைக்குப் போகாதவனை என்னவென்று சொல்வது? வீட்டில் கேட்டபோது அதற்கும் முதுகு வலிதான்.

ஏழு வருடம் கழித்துத் தணிகைவேலுவின் அம்மா இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. சுவரில் அந்த அம்மாளின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் வெறும் சுவர். அவளுடைய தங்கை என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க அக்கா அரிசி டப்பாக்குள்ள புள்ள படத்த ஒளிச்சி வெச்சிருந்தாங்க. அரிசி எடுக்கறப்ப மட்டும் பாத்துப்பாங்க."

அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தாய் தன் மகனை அரிசிக்குள் ஒளித்துவைத்து அழுததற்குக் காரணம் என் டிராயரில் கிடந்தது.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு, துவைத்த வெள்ளைத் துண்டு ஒன்றில் பிஸ்டனைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முனிரத்தினம் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்பார்வை மங்கி, மடத்து வேலையை விட்டிருந்தார். அவர் எதிரில் தரையில் துண்டை விரித்து, பிஸ்டனை நடுவில் வைத்தேன்.

"இன்னா இது?" என்றார்.

"தணிகைவேலு வண்டில இருந்தது மாமா."

எடுத்துப் பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் அந்தக் கீறல்களை மேலிருந்து கீழாகத் தடவினார். ஐம்பது வருடம் அண்டா தேய்த்துச் சமைத்த விரல்.

"அடி புடிச்சிருக்குது" என்றார்.

"ஆங்."

"எண்ண பத்தல. காஞ்ச சட்டில இருந்திருக்குது."

"ஆங் மாமா. எண்ண போற வழிய நான்தான் கழட்டினேன். சக்கரம் தானா நின்னுடிச்சி. அவன் வேகமா வரல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் பிஸ்டனைக் கீழே வைக்கவில்லை. எனக்கு ஒரு அறை விழவேண்டும் என்று ஆசையாக இருந்தது, கன்னத்தைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் அடிக்கவில்லை.

"இத எப்பப் பாத்த நீ?"

"நீங்க கடைக்கி வந்து கேட்டீங்களே, அதுக்கு மொத நாளு. நீங்க நின்னப்ப டிராயர்லதான் இருந்திச்சி."

"அன்னிக்கே எடுத்துக் காட்டியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமேடா" என்றார். கத்தவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்பவர்போல் கேட்டார். "வண்டி எனக்குத் தெரியாது. இது தெரியுமே."

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனார். டப்பா திறக்கும் சத்தம், அரிசி தரையில் சிதறும் சத்தம் கேட்டது. படத்தை வேட்டியால் துடைத்துக்கொண்டே வந்தார். தெரிந்தே வைத்திருந்திருக்கிறார், அது எங்கே இருக்கிறது என்று.

"ஆணி அடிக்கத் தெரியுமா உனக்கு?" என்றார்.

அடித்தேன். அம்மாளின் படத்துக்குப் பக்கத்தில், அவர் கை காட்டிய இடத்தில். தணிகைவேலுவை அவரே மாட்டினார். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். பிஸ்டன் இன்னும் அவருடைய இடது கையில் இருந்தது.

"எம்புள்ள வேகமா ஓட்றவன் இல்லன்னு இவ சொல்லிகினே இருந்தா" என்றார், மனைவியின் படத்தைக் காட்டி. "வாய மூடுடீன்னுட்டேன்."

இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன்.

"ரெண்டு பேரு கிட்டயும் என் தப்புன்னு நான் இப்ப எப்டிடா சொல்றது?"

துண்டை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.